குழிக் காசு

காசு சேர்க்கிறவன் என்றால் ஓசூரில் யாராக இருந்தாலும் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்ப்பார்கள். மாதேஷ் சேர்த்தது செல்லாத காசு. அதனால் மரியாதையும் கிடையாது, வட்டியும் கிடையாது, வீட்டில் நல்ல பேரும் கிடையாது.

சிப்காட்டில் வண்டிகளுக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஷிப்டு முழுக்க லென்ஸ் வைத்து இரும்பில் கீறல் தேடுவான். வார லீவு வந்தால் மனுஷன் தூங்க வேண்டாமா? அதே லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கெலமங்கலம் சந்தை, ராயக்கோட்டை ஆசாரி, தேன்கனிக்கோட்டை அடகுக் கடை என்று பைக்கில் சுற்றுவான். அங்கே போய் வெள்ளியில் கீறல் தேடுவான்.

"நாய்க்கி வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல" என்பாள் அவன் பெண்டாட்டி முனிலட்சுமி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸையும் கட்டிக் கொடுப்பாள்.

ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் வெள்ளி ரூபாய் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று அவனிடம் இருந்தது. முதல் வருஷத்து ரூபாய் மட்டும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. அந்த வருஷக் காசில் ராஜா போட்டிருக்கும் அங்கியில் ஒரு யானை உண்டு. அச்சு வெட்டினவன் தும்பிக்கையைக் கட்டையாக வெட்டிவிட்டான். பார்த்தால் பன்றி மாதிரி. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். சர்க்கார் வெளியே போகாமல் மிச்சமிருந்ததை உருக்கிவிட்டு, அடுத்த வருஷமே யானைக்கு ஒழுங்கான தும்பிக்கை வைத்துவிட்டது. அதனால் பன்றி ரூபாய்க்குக் கிராக்கி.

கிடைக்கவே கிடைக்காது என்றில்லை. தேய்ந்தது கிடைக்கும், ஓட்டை போட்டது கிடைக்கும், கொக்கி பற்றவைத்துப் பிடுங்கியது கிடைக்கும், புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராஜாவின் மூக்கே போனது கிடைக்கும். மாதேஷுக்கு வேண்டியது கை படாத காசு. காசடிக்கிற அக்கசாலையிலிருந்து விழுந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி. சாய்த்தால் அதன் மேல் வெளிச்சம் சக்கரம் மாதிரி சுற்ற வேண்டும். பெங்களூர் சிக்பேட்டையில் பழைய காசுக் கடை வைத்திருக்கிறவர் இவன் படியேறினாலே, "ஏனப்பா, அதே ஹந்தி ரூபாயா?" என்று கன்னடத்தில் பன்றியைச் சொல்லிச் சிரிப்பார். "அப்டி ஒண்ணு வந்தா நானே வெச்சிக்குவேன். நிமக்கு யாக்கெ, எதுக்குக் குடுக்கறேன்?" என்பார். மாதேஷும் சிரித்துக்கொண்டே இறங்கி வருவான். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. கல்யாணம் ஆன வருஷத்தில் ஆரம்பித்த தேட்டம்.

அதே வருஷத்தில் ஆரம்பித்த இன்னொரு தேட்டமும் அந்த வீட்டில் இருந்தது. அதைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை. ஓசூரில் பார்த்த டாக்டர், பெங்களூரில் பார்த்த டாக்டர், ஊசி, மாத்திரை, அரசமரம், மண்சோறு, தொட்டில் கட்டாத மரமில்லை. போன ஆடியில் ஒருநாள் முனிலட்சுமி மாத்திரைகளை எல்லாம் எடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

"இத பாருங்க. இனிமே எந்தக் கோயிலுக்கும் எந்த டாக்டர்கிட்டயும் என்ன இழுக்காதீங்க. மனச கல்லாக்கிகிட்டன். நீ ஏன் பெத்துக்கலன்னு கேக்கறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

அப்புறம் அவள் ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். பசுமைக் குடிலில் வெட்டி வருகிற ரோஜாவைக் குளிர் அறையில் நின்று தண்டு அளந்து, காகிதம் சுற்றி அடுக்குகிற வேலை. சாயங்காலம் விரல் விறைத்துப்போய் வருவாள். ஆனால் மெல்ல மெல்ல முகம் தெளிந்திருந்தது. மாதேஷும் நிம்மதியாகத்தான் இருந்தான். இந்த இடத்தில் விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும்.

கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் பாலாஜி என்று ஒருத்தன், காண்ட்ராக்ட்டில் வேலை. அஞ்செட்டிக்கு மேலே மலையில் ஊர். மழைக் காலத்தில் ஒருநாள் அவன் கை மிஷினுக்குள் இருக்கும்போதே பிரஸ் இறங்கப் பார்த்தது. அந்தப் பக்கம் போன மாதேஷ் பாய்ந்து சிவப்பு பட்டனை அடித்தான். விரல் நுனி நசுங்கினதோடு போயிற்று. அன்றிலிருந்து பாலாஜியின் அம்மா வெங்கடம்மாளுக்கு மாதேஷ் குலசாமி மாதிரி. பொங்கல் கழிந்த வாரம் பாலாஜி வந்து நின்றான்.

"அண்ணா, எங்கூட்ல ராகிக் குழி தொறக்கறாங்க. அம்மா உங்கள கூட்டிகிட்டு வரலன்னா சோறு கெடையாதுன்னுடுச்சி. வந்துடுங்ணா."

பழைய வீடு, பழைய மனுஷர்கள், பழைய காசு ஒன்றும் இல்லாமலா போகும் என்றுதான் மாதேஷ் பைக்கை எடுத்தான். அதுவும் உண்மை.

அந்த வருஷம் காட்டிலிருந்து யானை இறங்கவில்லை. பாலாஜியின் அப்பா சின்னராஜ் பரண் போட்டுக் காவல் இருந்ததோடு சரி, பட்டாசு ஒன்றுகூட வெடிக்க வேண்டியிருக்கவில்லை. களத்தில் ராகி குவிந்து கிடந்தது. வாசலுக்குப் பக்கத்தில் பூமிக்குள் ராகி சேர்த்து வைக்க ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான குழி. பழைய ராகியை எடுத்துவிட்டு, உள்ளே மெழுகி, சுற்றிலும் புது வைக்கோல் தாள் கொடுத்து, புது ராகியை நிரப்ப வேண்டும். வாய்க்கல்லைக் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். உள்ளேயிருந்து ஒரு சூடு வந்தது. புழுங்கின வாசனை.

"எவனும் எட்டிப் பாக்காதீங்கடா! உள்ள இருக்கற காத்து ஆள சாப்பிட்டுடும்" என்று சின்னராஜ் கத்தினார். லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதியிலேயே அணைந்தது. "இன்னும் ஆவல. கூழு குடிங்க மொதல்ல."

கூழும் பச்சை மிளகாயும் ஆனது. பனி விலகி வெயில் ஏறியது. மறுபடி இறக்கினார். அணைந்தது. மூன்றாம் தரம் திரி நின்று எரிந்த பிறகுதான் மனுஷன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். கூடை கூடையாக மேலே வந்தது. மாதேஷும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடை வாங்கினான். வெங்கடம்மாள் முறத்தில் அள்ளிப் பார்த்து, "ஒரு பூச்சி இல்ல பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். எல்லாம் ஒழிந்த பிறகு அடியிலிருந்து சின்னராஜ் ஒரு மரச் சிமிழைக் கூடையில் வைத்து அனுப்பினார். வெங்கடம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை ஏந்தி வாங்கினாள். திறந்தாள். ஒரு மஞ்சள் துணி. துணிக்குள் ஒரு ரூபாய்.

மாதேஷ் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். வருஷத்தைப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. வெயிலில் அவள் உள்ளங்கை லேசாக ஆடியது. காசின் மேல் வெளிச்சம் சக்கரமாகச் சுற்றியது. ராஜாவின் கன்னம் நேற்றுச் சவரம் பண்ணின மாதிரி. கிரீடத்தில் முத்து முத்தாக எண்ணலாம். அங்கியில் அந்தப் பன்றி மூஞ்சி யானை, கண்ணும் காதும் நகமுமாக நின்றது.

"ஒருதரம் கையில குடுங்கம்மா, பாக்கறன்" என்றான்.

"ஆம்பள கை படக்கூடாது கண்ணு. பாலாஜி அப்பாவே சிமிழோடதான் தொடுவாரு. எங்கையில இருக்குது, நல்லா பாரு."

குனிந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் கண் நிறைந்துவிட்டது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நடந்தது. இத்தனை வருஷம் சந்தையிலும் அடகுக் கடையிலும் நின்ற கால் வலியெல்லாம் சேர்ந்து கண்ணில் வந்து நின்றது. வெங்கடம்மாள் அதைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"எத்தினி வருசம் ஆச்சுப்பா கண்ணாலம் ஆயி?"

"பதினோரு வருஷம்மா." எதற்குக் கேட்கிறாள் என்று புரியவில்லை.

"பாலாஜி சொன்னான். நீ வாயத் தொறந்து கேப்பன்னுதான் பாத்துகிட்டு இருந்தன். ஆம்பளைக்கி எங்க கேக்க வரும்? நானும் ஒம்பது வருசம் காஞ்ச வவுத்தோட கெடந்தவதான். எங்க மாமியா, குழியில ராகி கெடாம காக்கற இந்தக் காச எடுத்து எம் மடியில போட்டு, இடுப்புல முடிஞ்சி உட்டா. அப்புறந்தான் இவன். எங்கூட்டுப் பொம்பளைங்களத் தவிர வெளிய யாருக்கும் தந்ததில்ல. எம் புள்ள கைய எனக்குத் திருப்பித் தந்தவன் நீ. உனுக்குத் தராம யாருக்குத் தரப் போறன்? போயி ஊட்டுக்காரிய கூட்டிகிட்டு வா. அவ மடியிலதான் போடுவன்."

இல்லீங்கம்மா, நான் அதுக்குப் பாக்கல. இந்த ஒரு வார்த்தை அவன் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் காசு தேடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேண்டிய காசு எதிரில் இருந்தால், அது வேண்டும் என்று காட்டவே மாட்டார்கள். சும்மா வந்தேன், தண்ணி குடிக்க வந்தேன், வேறு எதற்கோ வந்தேன் என்பார்கள். அந்தப் பழக்கம் வாயை அடைத்தது. கேட்கிறவளே ஒரு காரணத்தையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஆமாங்கம்மா" என்றான் மாதேஷ்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது முனிலட்சுமி தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாம என்ன பேசி வெச்சிருந்தோம்?"

"பேசனம். இல்லன்னு சொல்லல. அந்தம்மா நமக்காக அவ்ளோ ஆசையா கூப்புடுது லட்சுமி. மொகத்துக்கு நேரா எப்டி மாட்டன்னு சொல்றது?"

"போன் போட்டு நான் சொல்லிக்கறன் குடுங்க."

"ஒரே ஒருதரம். எனக்காக."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க இதெல்லாம் நம்பவே மாட்டீங்களே. மண்சோறு சாப்புடச் சொல்ல மொகத்த திருப்பிகிட்டு நின்னீங்க. இத மட்டும் நம்பறீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நம்பறன்."

அவ்வளவுதான். கல்லாக்கி வைத்த மனசு அந்த ஒரு சொல்லில் பொலபொலவென்று உதிர்ந்தது. கோயில் கோயிலாக இழுத்த மாதேஷின் அம்மா சொல்லியிருந்தால் மசிந்திருக்க மாட்டாள். எதையும் நம்பாத புருஷனே நம்புகிறேன் என்கிறானே! அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "உங்களுக்கு இவ்ளோ ஏக்கம் இருக்குதுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று அவனுக்கு ஆறுதல் சொன்னாள். மாதேஷ் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, சிக்பேட்டையில் தேய்ந்த பன்றி ரூபாய் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததை நினைத்துக்கொண்டிருந்தான். அதை வாங்கி இதன் இடத்தில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? நம்பிக்கைக்கு எந்தக் காசாக இருந்தால் என்ன?

அடுத்த வார லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். வெங்கடம்மாள் களி கிண்டி, பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தாள். முனிலட்சுமிக்கு வாய்க்கு வாய் நெய் ஊற்றினாள். குளிப்பாட்டி, தலை பின்னிப் பூ வைத்து, காலி குழிக்கு எதிரே உட்காரவைத்தாள். காசை மடியில் போட்டாள். மஞ்சள் துணியில் முடிந்து இடுப்புக் கயிற்றில் கட்டிவிட்டாள்.

"இது உம் மேல ஒட்டிகிட்டே இருக்கணும் பாப்பா. புள்ள பொறந்து, தீட்டு கழிஞ்சி, நீயே வந்து குழியில போடு. அதுவரைக்கும் குழிக்குள்ள ஒரு மஞ்சக் கெழங்கு போட்டு வெக்கறன். புருசன்கிட்ட காட்டாத. அவன் கை படக்கூடாது."

"அம்மா, இல்லன்னா?" என்றாள் முனிலட்சுமி மெதுவாக. "ஒண்ணும் ஆவலன்னா?"

"வாயக் கழுவு. எங்கூட்டுக் குழியில போட்டது எதாச்சும் கெட்டுப்போயிருக்குதா? கேட்டுப் பாரு எங்கூட்டுக்காரர."

சின்னராஜ் புதுத் தாளைத் திரித்துக்கொண்டே, "ஆமா தாயி, கெடல" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பைக்கின் பின்னால் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பெயர்கூட யோசித்துவிட்டாள். பெண்ணாக இருந்தால் ஹரிணி. மாதேஷ் சரி சரி என்றான்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவள், துணி நனையும் என்று கயிற்றைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டினாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மாதேஷ் முடிச்சை அவிழ்த்தான். கம்பெனியில் நுணுக்கமான பாகத்தை எடுப்பது போல விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தான். சிக்பேட்டைக் காசை வைத்து முடிந்தான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏங்க, மொதல்ல பளபளன்னு இருந்த மாதிரி இருந்துது. இப்ப மங்கிப் போச்சே?"

"வேர்வ பட்டா வெள்ளி மங்கத்தான் செய்யும். என்னக் கேட்டா தெரியாதா?" என்றான். கேட்கக் கூடாத ஆளிடம்தான் அவள் கேட்டாள், பாவம்.

காசு ஆல்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்தது. அவள் வேலைக்குப் போன நேரத்தில் எடுத்து வைத்து லென்ஸில் பார்ப்பான். ஒரு கீறல் கிடையாது. தேடிச் சலித்த பொருள் கையில் வந்துவிட்டது. ஆனால் யாரிடம் காட்டுவது? வாட்ஸ்அப்பில் காசுக்காரர்கள் குழுவில் போட்டால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். சிக்பேட்டைக்காரரிடம் மார்தட்டவும் முடியாது. ஊமை கண்ட கனவு மாதிரி தானே பார்த்து, தானே மூடி வைத்தான்.

சித்திரையில் முனிலட்சுமிக்கு நாள் தள்ளிப்போனது. கடையில் குச்சி வாங்கிப் பார்த்தாள், இரண்டு கோடு. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார்கள், ஆமாம் என்றார்கள். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மாதேஷுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. உண்மையான சந்தோஷம். அவன் மட்டும் கல்லா என்ன? அப்பாவாகப் போகிறவன். அன்றைக்கு அவன் அந்த ஆல்பத்தை நினைக்கவே இல்லை.

வெங்கடம்மாளுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. அப்புறம் வாரா வாரம் பாலாஜி பையைத் தூக்கிக்கொண்டு ஷிப்டுக்கு வருவான். மலைத் தேன், நெய், முளைகட்டி அரைத்த ராகி மாவு. "அம்மா குடுத்துதுண்ணா. அண்ணிய நல்லா சாப்புடச் சொல்லுச்சி." மாதேஷ் வாங்கிக்கொள்வான். ஒவ்வொரு பையும் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

காசை மறுபடி மாற்றி வைத்துவிடலாம் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. அவனுக்கு நம்பிக்கை இல்லைதான். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. பிறந்த பிறகு அது குழிக்குத்தானே போக வேண்டும், அப்போது வெங்கடம்மாள் பார்க்க மாட்டாளா? ஆனால் முனிலட்சுமி இப்போது அதைக் கழற்றுவதே இல்லை. குளிக்கும்போதுகூட இடுப்பிலேயே. துணியை நூலால் தைத்துவிட்டாள். தூங்கும்போது அதன் மேல் ஒரு கை. வெள்ளிக்கிழமை தோறும் அவன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஆணியைப் பார்ப்பான். ஆணி சும்மாவே இருந்தது.

ஆடிக் காற்றும் தூறலுமாக இருந்த ஒரு பகலில் கம்பெனிக்குப் போன் வந்தது. ரோஜாத் தோட்டத்தில் கூட வேலை செய்கிற சுவாதி பேசினாள். "அண்ணா, சீக்கிரம் வாங்க. அக்காவுக்கு ரத்தம் போவுது."

அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி. உட்காரவைத்துச் சொன்னார். "கரு வளர்ச்சி சரியா இல்ல. இது யாரோட தப்பும் இல்லம்மா. நீங்க எதுவும் செஞ்சதாலயும் இல்ல, செய்யாததாலயும் இல்ல." முனிலட்சுமி தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுங்களுக்குத் தெரியாது. நாந்தான் பண்ணன். உங்களுக்கு ஞாபகம் இருக்குதா, மொதல்ல எண்ண தேச்சி குளிக்கப் போனப்ப காச கழட்டி ஆணில மாட்டனன். அந்தம்மா படிச்சி படிச்சி சொல்லி அனுப்புச்சி, ஒட்டிகிட்டே இருக்கணும்னு. நான் பாவி கழட்டனன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? மாதேஷ் ஆட்டோவைக் கூப்பிட்டான்.

அதற்கப்புறம் அவள் சாப்பிடவில்லை. வைத்தால் இரண்டு வாய், அதோடு சரி. கையை ஆணியில் இடித்துக் காயம் பண்ணிக்கொண்டாள். வேண்டுமென்று இடித்தாளோ, தெரியவில்லை. வெங்கடம்மாளே போன் போட்டு, "போனா போவுது உடு பாப்பா, ஒடம்ப பாத்துக்கோ" என்றபோதும், "அம்மா, உங்கூட்டு லட்சுமிய நான் ஆணில தொங்க உட்டுட்டன்" என்று இவள் கதறினாள். மாதேஷ் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தான். ஊரில் எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று சொல்லிப் பார்த்தான். சுவாதியைக் கூட்டிவந்து பேசச் சொன்னான். எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கையில் அந்த மஞ்சள் முடிச்சு. தைத்த நூலை வெட்டியிருந்தாள்.

"வண்டிய எடுங்க. அந்தம்மா கால்ல உழுந்து குடுத்துட்டு வந்துடலாம். இத வெச்சிருக்க எனக்கு யோக்கித இல்ல."

மாதேஷ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். வெங்கடம்மாள் பிரித்துப் பார்ப்பாளே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, எதிரில் நின்றவளின் கழுத்தெலும்பு அவனை என்னவோ செய்தது. இரண்டு மாதத்தில் இப்படி ஆகிவிட்டாளே. இந்தப் பாவத்தையாவது அவள் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டும். அப்புறம் அவள் அடித்தாலும் சரி, விட்டுவிட்டுப் போனாலும் சரி.

"அது அந்தக் காசு இல்ல லட்சுமி."

"எது?"

"உங்கையில இருக்கறது. சிக்பேட்டைல வாங்குனது. நீ குளிக்கப் போனப்ப நாந்தான் மாத்தி வெச்சன்."

அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "அப்ப அது எங்க?"

"ஆல்பத்துல."

"கொண்டாங்க."

கொண்டுவந்து கொடுத்தான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் ராஜாவுக்கு மூக்கே இல்லை. இன்னொன்றில் மீசை முடி தெரிந்தது.

"இதுக்காகத்தான் என்ன அங்க கூட்டிகிட்டு போனீங்களா? நம்பறன்னு சொன்னது இதுக்குத்தானா?"

"ஆமா."

"அன்னிக்கி நான் உங்க மேல உழுந்து அழுதப்ப, இந்த நெனப்புலதான் இருந்தீங்களா?"

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, சொல்ல வந்ததை அவசர அவசரமாகச் சொன்னான்.

"என்ன நீ என்ன வேணா பண்ணு. ஆனா யோசிச்சிப் பாரு. கழட்டனது தப்பு, கழட்டனது தப்புன்னு உன்னயே அடிச்சிக்கறயே, நீ ஒரு தப்பும் பண்ணல. காசே இல்ல உங்கிட்ட. புள்ள நின்னதே இந்தத் தேஞ்ச காசுலதான். அப்ப காசுல ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்? வந்ததும் அதால இல்ல, போனதும் அதால இல்ல. டாக்டர் சொன்னதுதான் நெசம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எந்த இன்ஸ்பெக்டரும் குறை சொல்ல முடியாது. முனிலட்சுமி அதை மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆடியிலிருந்து காணாமல் போயிருந்த தெளிவு. மாதேஷுக்கு மூச்சு வந்தது. புரிந்துகொண்டாள் என்று நினைத்தான்.

"அப்ப எம் மேல தப்பு இல்ல" என்றாள்.

"இல்லவே இல்ல."

"காசு மேலயும் தப்பு இல்ல."

"காசுல என்ன..." என்று அவன் ஆரம்பித்தான்.

"இருங்க. புள்ள நின்னுது. தங்கல. நிக்கறதுக்கு எந்தக் காசும் வேணாம், நீங்க சொல்றது சரிதான். தங்கறதுக்குத்தான் அது. ராகி வெளையறது காட்டுல. கெடாம கெடக்கறது குழியில. அத எங்கிட்டயிருந்து எடுத்து நீங்க பொட்டில வெச்சிகிட்டீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "நீங்க வெச்சிருந்தீங்க, அது உங்ககிட்ட அப்டியே தங்குச்சி. ஒரு கீறல் உழல பாருங்க."

"லட்சுமி, அப்டி இல்ல..."

"நெசக் காசு இன்னும் எம் மேல பதினஞ்சி நாளுகூட இருந்ததில்ல. அதான் விசயம். இது தெரியாம நான் எல்லாம் முடிஞ்சி போச்சின்னு அழுதுகிட்டு இருந்தன்."

பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். காசு தரையில் விழுந்து உருண்டது. மாதேஷ் தன்னையறியாமல் கை நீட்டினான். "தொடாதீங்க" என்றாள். எடுத்து, முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். ராஜாவின் கன்னத்தில் கட்டை விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மஞ்சள் துணியில் வைத்து முடிந்து, அவன் எதிரிலேயே இடுப்பில் கட்டிக்கொண்டாள். சிக்பேட்டைக் காசை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நாளைக்கி லீவு சொல்லிடுங்க. அந்த பெங்களூர் டாக்டர மறுபடியும் பாக்கணும். ஊசி போடறதுன்னாலும் போட்டுக்கறன்."

"வேணாம் லட்சுமி. உன் ஒடம்பு தாங்காது. நாம இப்டியே இருந்துடலாம். எனக்கு நீ போதும்."

"உங்கள யாரு கேட்டா?" என்றாள். எழுந்து புடவையை மாற்றினாள். அடுப்பங்கரையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பசிக்கிறதாம். உலை வைத்து, வெங்கடம்மாள் அனுப்பிய மாவைப் போட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டுவதற்குப் பானையைப் பிடிக்க அவனைக் கூப்பிட்டாள். அவன் போய் இரண்டு பக்கமும் துணி போட்டுப் பானையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் களிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து மூச்சு வாங்கக் கிண்டினாள். வியர்வை இடுப்பில் இறங்கியது. பெரிய உருண்டையாக இரண்டு உருட்டினாள். ஒன்றைத் தட்டில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள்.

"இந்தத் தடவ தங்கும்" என்றாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தங்கும்தானே? சொல்லுங்க."

இல்லை என்று சொல்ல அவனுக்கு என்ன வாய் இருக்கிறது?

"தங்கும்" என்றான்.

அவள் களியைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, விழுங்க ஆரம்பித்தாள்.